இருபத்து மூன்று கள்ள ஓட்டுகள்

நசீர் பாயின் கேம் சென்டரில் இரண்டு மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. தீப்பெட்டி மாதிரி அறை. அதில் இருபத்து மூன்று பேர் ஒரே போனை எட்டிப் பார்த்தால் வேர்க்காமல் என்ன செய்யும்?

போன் என்னுடையது. அதில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. மனசுக்குள் ஒருமுறை படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன்.

"இன்னா போட்டுகீது? படி ஸ்டெல்லா" என்றார் அந்தோணி அண்ணன்.

என் கூடப்பிறந்தவர். துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது. ஐம்பத்திரண்டு வயதிலும் அந்தக் கைகளைப் பார்த்தால் பயமாக இருக்கும். அந்தக் கைகள் அன்று கேம் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன.

"நம்மளுது ஃபர்ஸ்ட்டு வந்துகீதா?" என்று எனக்குப் பின்னாலிருந்து பிலோமினாக்கா கேட்டார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர் மெதுவாகக் கேட்டாலே தெருமுனை வரை கேட்கும்.

வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னேன். "உங்கள் இடத்திலிருந்து வந்த இருபத்து மூன்று வாக்குகளும் போலி என்று தெரிகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம்."

"போலின்னா?"

"கள்ள ஓட்டுக்கா."

"யாரு? நானா? ஏம்மா, என் மூஞ்ச பாத்தா கள்ள ஓட்டு மாரி கீதா?"

காலையில் பூசைக்குப் போகும்போது பார்த்தேன், இணைய ஓட்டெடுப்பில் எங்கள் கேம் முதல் இடத்தில் இருந்தது. இப்போது முப்பத்து நாலாவது. அண்ணன் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "முப்பது வருசமா கப்பல்ல ஏறி எறங்குறேன். ஒருத்தன் என்ன ஃப்ராடுன்னு சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவும் வீட்டுக்கு வரவில்லை.

இந்த வயதில் கேமா?

இரண்டு வாரத்துக்கு முன்பு இந்தத் தொடரில், முன்பெல்லாம் ஞாயிறானால் கேம் ஆடப் போவோம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். மாதவரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நாற்பத்தாறு வயதில் வீடியோ கேமா? உங்களுக்கு வீட்டில் வேலை இல்லையா?"

இருக்கிறது அம்மா. வீட்டிலும் இருக்கிறது, ஆபீசிலும் இருக்கிறது. கன்டெய்னர் யார்டில் காலையிலிருந்து மாலைவரை சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஞாயிறு மூன்று மணி நேரம் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இதையே ஓர் ஆண் கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்து செய்தால் இந்தக் கேள்வி வருமா? சரி, கோபம் வேண்டாம். கதைக்கு வருகிறேன்.

ரோல் பிளேயிங் கேம் என்றால் சுட்டுத் தள்ளுவது மட்டும் அல்ல. கதைக்குள் நீங்களும் ஓர் ஆள். எதிரே ஒருவர் வந்து பேசுவார். அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நாலைந்து வரிகள் திரையில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பதிலுக்கு ஏற்ற மாதிரி கதை திரும்பும். நல்லவராக ஆரம்பித்து அயோக்கியராகவும் முடிக்கலாம்.

ஆகையால் படிக்காமல் ஆட முடியாது. படிப்பது முழுக்க ஆங்கிலம்.

அண்ணன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ்ப் பேப்பர் என்றால் டெண்டர் விளம்பரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பார். ஆங்கிலத்தில் கப்பல் பெயரும் கன்டெய்னர் எண்ணும் மட்டும் தெரியும். ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது நசீர் பாய் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். பாய் சும்மா ஒரு கேமைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் பத்து நிமிடத்திலேயே திரையில் ஒரு கிழவன் வந்து எதையோ கேட்டுவிட்டு நிற்கிறான், பதில் சொல்லாமல் நகர மாட்டேன் என்கிறான். அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"ஸ்டெல்லா, ஓடியா. இங்க ஒரு பெர்சு என்ன இன்னமோ கேட்டுகினு நிக்கிறாரு. பாவமா கீது."

போனேன். படித்துச் சொன்னேன். அன்று ஆரம்பித்தது என் வாய் வேலை.

கை தூக்கினால்தான் கதை நகரும்

அந்த கேமின் ஆங்கிலப் பெயர் நீளம். நாங்கள் வைத்த பெயர் சாம்பல்துறை. ஒரு துறைமுக ஊர், வானமெல்லாம் சாம்பல். மூட்டை தூக்க வந்த புது ஆள்தான் நாம். மேஸ்திரி இருக்கிறான், சங்கம் இருக்கிறது, சங்கத்துக்குள்ளேயே கருங்காலிகள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன வேண்டும்? அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டும் எண்ணூரில் மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு அந்த வானத்தை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

நான் படிப்பதைக் கேட்க முதலில் பிலோமினாக்கா வந்தார். அடுத்து துரைராஜ் அண்ணன் வந்தார். துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருடம் மனு எழுதியவர். அப்புறம் அவரவர் வீட்டு ஆட்கள், திருவொற்றியூர் சம்பந்திகள், பாயின் மச்சான். எண்ணிக்கை இருபத்து மூன்றில் வந்து நின்றது. அதற்கு மேல் நாற்காலி இல்லை.

ஆளாளுக்கு ஒரு பதிலைச் சொல்லிக் கத்த ஆரம்பித்ததும் துரைராஜ் அண்ணன் சங்கத்து வழக்கத்தைக் கொண்டுவந்தார். நான் வரிகளைப் படிப்பேன். எதற்கு எத்தனை கை என்று அவர் எண்ணுவார். பெரும்பான்மை எதுவோ அதை அந்தோணி அண்ணன் அழுத்துவார். அழுத்தின பிறகு பேச்சு கிடையாது.

பேச்சு கிடையாது என்றா சொன்னேன்? மன்னிக்கவும். ஒரு கட்டத்தில் காய்ச்சல் கண்டவர்களோடு ஒரு கப்பல் கரைக்கு வரும். துறைமுகக் கதவைத் திறப்பதா, அடைப்பதா? பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற கணக்கில் திறந்தோம். அந்தக் காய்ச்சலில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த கதவுக்காரக் கிழவன் செத்துப்போனான். பிலோமினாக்கா கதவை அடைக்கச் சொன்னவர். என் கை திறக்கச் சொன்ன கை. மூன்று வாரம் எனக்கு அவர் மீன் கொடுக்கவில்லை.

இப்படியே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆடி, முடித்தோம். கடைசித் திரை வந்தபோது நசீர் பாய் அழுதார். கண்ணில் தூசி என்றார். சும்மா கதை.

பட்டியல் என்கிற பஞ்சாயத்து

இணையத்தில் கேம் பிரியர்களான தமிழர்களின் குழு ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஓட்டெடுப்பு நடத்தி, சிறந்த ரோல் பிளேயிங் கேம்கள் என்று நூறு பெயர் வெளியிடுவார்கள். அதில் முதலில் வரும் கேமைச் செய்தவர்களிடம் அனுமதி வாங்கி, குழுவிலிருக்கும் எட்டுப் பேர் சும்மா உட்காராமல் தமிழாக்கம் செய்வார்கள். வருடத்துக்கு ஒன்று. காசு வாங்காத வேலை. கும்பிட வேண்டிய ஆட்கள். ஆனால் குழு அனுப்புகிற கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுகிறேன்.

குழுவின் பழைய பட்டியல்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான். முதன்முதலில் ஆடிய கேம் மீது எல்லோருக்கும் ஒரு காதல். அது எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் பத்துக்குப் பத்து போடுவார்கள். போன மாதம் வந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். நூறு மணி நேரம் ஒரு கேமில் கழித்துவிட்டால், அது மோசம் என்று ஒத்துக்கொள்ள எவனுக்கும் மனசு வராது. சின்ன கேமை யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். ஆடாததால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் யாரும் ஆட மாட்டார்கள்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? சாம்பல்துறையில் கப்பலும் கிரேனும் இல்லாமல் குதிரையும் கோட்டையும் இருந்திருந்தால் பிலோமினாக்கா இரண்டாவது வாரமே எழுந்து போயிருப்பார். நம் ஊர் மாதிரி இருந்தது, அதனால் பிடித்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வருடம் எனக்கு ஓர் அவசரம் இருந்தது. எங்கள் கம்பெனி என்னை எண்ணூர் பக்கத்துப் புது யார்டுக்கு மாற்றிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறும் வேலை. நான் இல்லையென்றால் படிக்க ஆள் இல்லை. கூட்டத்தில் மற்றவர்களுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான்.

இதைச் சொன்னபோது அண்ணன் சொன்னது: "பரவால்ல வுடு. ஆனா ஒன்னு. ஒரு தபாவாவது அத்த நானே படிச்சு, நானே ரோசனை பண்ணி ஆடணும்னு ஆசை. எத்தினி நாளிக்கு உன் வாயப் பாத்துகினு குந்தறது?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாம்பல்துறை முதலிடம் வந்தால் தமிழில் வரும். தமிழில் வந்தால் அண்ணனுக்கு நான் தேவையில்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மனு கொடுக்கிற பழக்கம்

குழுவின் விதி சுலபம். ஆடி முடித்தவர்தான் ஓட்டுப் போடலாம். முடித்ததற்கு அத்தாட்சியாகக் கடைசித் திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

ஓட்டு வேலையைத் துரைராஜ் அண்ணனிடம் ஒப்படைத்தோம். மனு கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சங்கத்தில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். காரணம் ஒரே வாசகம்: "சாம்பல்துறை தொழிலாளர் வாழ்வைச் சித்தரிக்கும் சிறந்த கேம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இருபத்து மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே கடையின் இணையத்தில், ஒரு மணி நேரத்துக்குள், அதே வாசகத்தையும் அதே கடைசித் திரைப் படத்தையும் அனுப்பினோம். கேம் ஒன்றுதானே! முடிவும் ஒன்றுதானே! வேறு படத்துக்கு எங்கே போவது?

சங்கத்தில் எல்லோரும் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டால் அது ஒற்றுமை. இணையத்தில் அதுதான் கள்ள ஓட்டுக்கு முதல் அடையாளமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

செய்தி வந்த அன்று, அண்ணன் போன பிறகு, கடையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "ஆறு மெசினு கீது. ஆறுலயும் வேற வேற மாரி முடிச்சா மாரி போட்டோ எடுத்துடலாம். அப்பால பேரை மாத்தி மாத்தி அனுப்பிக்கலாம்" என்றார் நசீர் பாய்.

எனக்கு வந்ததே கோபம். "நல்லா கீது பாய்! இப்ப பொய்யா கள்ள ஓட்டுன்னு சொல்றாங்க. நீ சொல்றத செஞ்சா மெய்யாலுமே கள்ள ஓட்டாயிடும்" என்றேன். துரைராஜ் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தப்பு என்னுதும்மா" என்றார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

அன்றே குழுவின் பொறுப்பாளருக்கு எழுதினேன். தமிழில்தான். நாங்கள் யார், எப்படி ஆடினோம், யார் படித்தது, யார் கை தூக்கினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, "நம்பவில்லை என்றால் நேரில் கேளுங்கள்" என்று முடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பொறுப்பாளர் பெயர் மைதிலி, கோயம்புத்தூர்க்காரர். "ஞாயிறு மூணு மணிக்கு வீடியோவில் வாங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்கணும்" என்று எழுதியிருந்தார்.

அண்ணனிடம் சொன்னேன். "விசாரணைக்கு நான் வரமாட்டேன்" என்றார். பிலோமினாக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, "நீ வரலன்னா ஃப்ராடுன்னு ஒத்துகினு ஓடிட்டன்னு அர்த்தம், நைனா" என்றார். சத்தம் தெருவுக்கே கேட்டது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

விசாரணை

பெரிய திரையில் மைதிலி வந்தார். முப்பது வயதிருக்கும், கண்ணாடி, கையில் நோட்டு. பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மாதிரி இருந்தார். கூட இரண்டு பேர். "ஒருத்தரு மட்டும் உள்ள இருங்க, மத்தவங்க வெளிய இருந்துக்கங்க. சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க" என்றார்.

எல்லோரும் சந்தில் நின்றோம். பாய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். முதலில் போன துரைராஜ் அண்ணன் எதைக் கேட்டாலும் "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்ததில், ஆரம்பத்தை விட இன்னும் சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்தது பிலோமினாக்கா.

"காய்ச்சல் கப்பல் வந்தப்ப கதவைத் திறந்தீங்களா, அடைச்சீங்களாங்க?" என்று மைதிலி கேட்பது வெளியே கேட்டது.

அவ்வளவுதான். பல மாதமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. "நான் எங்கம்மா தொறந்தேன்? தொறந்தது இவங்க! அடைச்சிடு அடைச்சிடுன்னு தலபாடா அடிச்சுக்கினேன். பன்னெண்டு பேரு கை தூக்கி அந்தக் கெயவனக் கொன்னுட்டாங்க. அதுல இந்த ஸ்டெல்லாவும் ஒருத்தி!"

ஷட்டருக்கு வெளியே என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து உள்ளே தலையை நீட்டினேன். "கப்பல்ல கொயந்தைங்க இருந்துச்சேக்கா! அத்த யோசிச்சியா நீ?"

"கொயந்தைக்கு வைத்தியரு படகுலயே போலாமில்ல? ரெண்டாவது பதில்ல அதான போட்டுருந்துச்சு? நீ தான படிச்ச!"

"அது படகு சாவி இருந்தாதான் நடக்கும்! சாவிய மேஸ்திரியாண்ட திருப்பிக் குடுக்கச் சொன்னது யாரு?" இது பாயின் மச்சான்.

"நான் சொன்னேன். இன்னா இப்போ? மேஸ்திரி பொண்ணு அழுதுச்சு, குடுத்தேன்" என்று அந்தோணி அண்ணன் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டு உள்ளே போனார். அவர் பின்னால் இருபது பேர்.

தனித்தனி விசாரணை என்பதெல்லாம் காற்றில் போயிற்று. சாவிக்கு ஒரு கட்சி, கதவுக்கு ஒரு கட்சி. எந்த ஓட்டில் யார் தோற்றார்கள், யார் கடைசி நிமிடத்தில் கையை இறக்கினார்கள் என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. துரைராஜ் அண்ணன் "ஒயுங்கு! ஒயுங்கு!" என்று மேசையைத் தட்டினார். யார் கேட்டார்கள்?

திரையைப் பார்த்தேன். மைதிலி நோட்டை மூடிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதுங்க, போதுங்க" என்றார் மைதிலி. "ஆடாதவங்க இப்படிச் சண்டை போட முடியாதுங்க. நாங்க தப்புப் பண்ணிட்டோம். மன்னிச்சுக்கங்க."

ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஒரு சங்கடம் இருக்குதுங்க. விதிப்படி எத்தனை பேரு சேந்து ஆடினாலும், கேமை முடிச்சது ஒரு தடவைன்னா ஓட்டும் ஒன்னுதான். இருபத்து மூணு ஓட்டா எப்படி எடுத்துக்கிறது? மத்தவங்கல்லாம் தனியா படிச்சு, தனியா முடிச்சிருக்காங்களே."

அண்ணன் கேட்ட கேள்வி

சத்தம் அடங்கியது. அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எம்மா, ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணா."

"ஓட்டுப் போட்டவங்க அல்லாரும் இங்கிலீசுலயே படிச்சு முடிச்சவங்க தான?"

"ஆமாங்க."

"முதல்ல வர்றத தமிய்ல பண்ணப் போறீங்க."

"ஆமாங்க."

"அவங்கதான் முடிச்சிட்டாங்களே. அப்ப தமிய்ல யாருக்கும்மா பண்றீங்க?"

மைதிலி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"இங்கிலீசு தெரியாதவன் ஆட முடியாது. ஆடாதவன் ஓட்டுப் போட முடியாது. அப்ப எனக்கு இன்னா வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் தனியா முடிக்கணும்னா இவ வாயத்தான் கயட்டி மாட்டிக்கணும்" என்று என்னைக் காட்டினார்.

அறுபது டன் கிரேனுக்குக் கீழே நின்று வேலை செய்கிற மனிதர், குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தாமல் பேசினார். அவரை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது. அவருக்கு முன்னால் இதைச் சொன்னதும் இல்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

மைதிலி கடைசியில் நேராகச் சொன்னார். "நாங்க இத யோசிக்கவே இல்லீங்க அண்ணா."

ஒரு வாரம் குழுவுக்குள் சண்டை நடந்ததாகக் கேள்வி. பட்டியலின் தரம் கெட்டுவிடும் என்று சிலர். படிக்காதவர்களைக் கேட்டால் பட்டியல் மசாலா சினிமா மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் எழுதினார். நான் அவருக்கு எழுதிய பதிலை ஆசிரியர் அச்சிட மாட்டார். கடைசியில் ஓட்டெடுப்பை மறுபடி திறந்தார்கள். ஓட்டுச் சீட்டில் ஒரு கேள்வி கூடியிருந்தது: தமிழில் இல்லாமல் இந்தக் கேமை உங்களால் தனியாக ஆட முடியுமா? முடியாது என்பவர்களின் ஓட்டை வைத்துத் தனியாக இரண்டாவது பட்டியல். தமிழாக்கம் அதில் முதலில் வருவதற்கு. முடித்த படம் தேவையில்லை. ஏன் வேண்டும் என்று சொந்த வார்த்தையில் எழுதினால் போதும்.

இந்த முறை துரைராஜ் அண்ணனைப் பக்கத்திலேயே விடவில்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு காரணம். பிலோமினாக்கா எழுதியது: "கதவை இந்தத் தடவை நான் அடைப்பேன்."

கூத்து

முடிவு வந்தது ஒரு ஞாயிறு மதியம். என் கடைசி விடுமுறை ஞாயிறு.

முதல் பட்டியலைத்தான் முதலில் போட்டார்கள். ஓட்டைத் திறந்ததும் பெரிய கேம்களின் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குத்தியிருந்தார்கள். சாம்பல்துறை பதினொன்றாவது. பத்தாவதாக வந்ததை நானும் ஆடியிருக்கிறேன். குதிரை ஓடிக்கொண்டே இருக்கும், கதை வரவே வராது. இன்றைக்கும் சொல்கிறேன், அநியாயம்.

"அடுத்த லிஸ்டு படிம்மா, அடுத்த லிஸ்டு" என்று பாய் அவசரப்படுத்தினார்.

திறந்தேன். முதல் வரியைப் படிக்கத் தொடங்கினேன், குரல் உடைந்துவிட்டது. ஒரு வருடமாகக் கதவுக்காரக் கிழவன் மாதிரியும் மேஸ்திரி மாதிரியும் காய்ச்சல்காரன் மாதிரியும் பேசிக் காட்டிய குரல், ஒரு சொல்லைச் சொல்ல வரமாட்டேன் என்கிறது. இரண்டாவது பட்டியல் தமிழில்தான் போட்டிருந்தார்கள், நாங்கள் வைத்த பெயரோடு. அண்ணன் எட்டிப் பார்த்து அவரே படித்தார்.

"ஒன்னு. சாம்பல்துறை."

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது! பிலோமினாக்கா என்னைத் தூக்கிவிட்டார், என் எடைக்கு அது சின்ன விஷயமில்லை. பாய் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "எங்க ஓட்டு செல்லும்னு சொல்லிட்டாங்க!" என்றார். யாரோ மோளம் அடிக்கிறவர்களைக் கூட்டிவந்துவிட்டார்கள். துரைராஜ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியதை நான் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். ஆதாரம் வேண்டுவோர் கேட்கலாம்.

எங்கள் இருபத்து மூன்று ஓட்டு மட்டும் அல்ல. தூத்துக்குடி, திருப்பூர், ஓசூர் என்று எங்கெங்கோ இருந்து எழுதியிருந்தார்கள். யாரோ ஆடுவதை வீடியோவில் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவர்கள். எங்களை மாதிரி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது.

தமிழில்

எட்டுப் பேர் சேர்ந்து மாதக்கணக்கில் உழைத்தார்கள். சந்தேகம் வந்தால் மைதிலி அண்ணனுக்குத்தான் போன் போடுவார். "அண்ணா, மூட்டை தூக்கறவங்க மேஸ்திரியைத் திட்டணும், எப்படித் திட்டுவாங்க?" அண்ணன் சொல்வார். மைதிலி, "இன்னும் கொஞ்சம் கம்மியாங்கண்ணா" என்பார்.

தமிழ் கேம் வந்த அன்று எனக்கு யார்டில் வேலை. மாலை ஆறு மணிக்கு வெயில் இறங்கும்போது வீட்டுக்கு வந்தேன். கீழ் வீடு அண்ணனுடையது, மாடி எங்களுடையது. கதவு திறந்திருந்தது. நசீர் பாய் கொடுத்த பழைய மெசினுக்கு முன்னால் அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காலையில் ஆரம்பித்தவர் இன்னும் ஊருக்குள்ளேயே நுழையவில்லை. நாங்கள் அந்த இடத்தை ஐந்து நிமிடத்தில் தாண்டியிருந்தோம்.

"இன்னாண்ணா, இங்கயே நிக்கிற?"

"ஸ்டெல்லா, இந்த சுவத்துல நோட்டீசு ஒட்டிகீது பாரு. காணாமப் போனவங்க பேரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை போட்டுகீறான். அந்தப் பொட்டில லெட்டரு கீது. இதெல்லாம் நீ படிச்சதே இல்லியே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மைதான். படிக்கவில்லை. சுவரொட்டி, கடிதம், பழைய புத்தகம் எல்லாவற்றையும் தாண்டச் சொல்வேன். இருபத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள், தொண்டை வலிக்கிறது, கதைக்கு இது தேவையில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். பட்டியல் போட்டவர்களை அந்தத் திட்டுத் திட்டினேனே, எது படிக்கத் தகுந்தது என்று அண்ணனைக் கேட்காமல் ஒரு வருடம் தரம் பிரித்தவள் நான்தான்.

"அது ஒன்னும் அவ்ளோ முக்கியம் இல்லன்னு தான்..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்முனு இரும்மா. படிச்சுகினு கீறேன்ல?"

பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை.